இரண்டு பெரிய சாலைகள் சந்தித்தும் ஊராக வளராத இடம் உண்டா?

கேள்வி இதுதான்: "நாற்சந்தி இருந்தால் அங்கே கடை வரும், சந்தை வரும், கடைசியில் நகரமே வந்துவிடும் என்கிறார்களே, அப்படி வளராமல் நின்றுபோன பெரிய நாற்சந்தி எங்காவது இருக்கிறதா?"

இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஹை கிராஸ். நான் குடியிருப்பது ஹிங்க்லியில், வேலை லட்டர்வொர்த் பக்கம் ஒரு வேர்ஹவுஸில். இடையில் ஏ5 சாலையில் ஒரு மேட்டின் மேல் சில வீடுகள் வரும், போய்விடும். முதல் ஒரு வருடம் அது என்ன இடம் என்றே எனக்குத் தெரியாது.

ரோமானியர் பிரிட்டனில் போட்ட சாலைகளில் மிகப் பெயர்பெற்ற இரண்டு அங்கேதான் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஒன்று வாட்லிங் ஸ்ட்ரீட். டோவர் துறைமுகத்திலிருந்து லண்டன் வழியாக வடமேற்கே ராக்ஸிட்டர் வரை போனது. நான் ஓட்டும் ஏ5 இந்தப் பக்கத்தில் அதே தடத்தில்தான் போகிறது. இன்னொன்று ஃபாஸ் வே. தென்மேற்கே எக்ஸிட்டரில் தொடங்கி பாத், சைரன்செஸ்டர், லெஸ்டர் வழியாக லிங்கன் வரை, ஏறத்தாழ 370 கிலோமீட்டர். இல்செஸ்டரிலிருந்து லிங்கனுக்கு வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டைவிட்டு எந்த இடத்திலும் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஃபாஸ் வே விலகுவதில்லை. இப்படிப்பட்ட இரண்டு சாலைகள் கூடும் இடத்தில் இன்று ஒரு கடைத்தெருகூட இல்லை.

ரோமானியர் காலத்தில் அங்கே ஊர் இருந்தது, பெயர் வெனோனே. அவர்களுடைய பழைய பயணப் பட்டியல் ஒன்றில், லண்டனிலிருந்து லிங்கன் போகும் வழியில் இந்தப் பெயர் வருகிறது. அடுத்து வரும் ராட்டே பன்னிரண்டு ரோமன் மைல் என்று போட்டிருக்கிறது. ராட்டேதான் இன்றைய லெஸ்டர். நம் கணக்கில் 18 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த லெஸ்டர் மாநகரமாகிவிட்டது, வெனோனே வயலாகிவிட்டது. ஏன்?

நான் முதலில் சொல்வது தண்ணீர். லெஸ்டர் சோர் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஹை கிராஸ் இருப்பது மேட்டில். அந்த மேட்டில் விழும் மழைநீர் ஒரு பக்கம் சோர் வழியாக டிரென்ட்டில் சேர்ந்து கிழக்குக் கடலுக்கும், மறுபக்கம் ஏவன் வழியாக செவர்னில் சேர்ந்து மேற்குக் கடலுக்கும் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் அதைவிட்டு ஓடுகிறதே தவிர, ஊரை நிறுத்திவைக்க ஓர் ஆறு அங்கே இல்லை. தூரம் பார்க்க நல்ல இடம், தங்குவதற்கு அப்படியில்லை.

அப்புறம் எல்லை. ரோமானியர் போய் நானூறு வருடங்களுக்கு மேல் ஆனபிறகு, தெற்கு இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் நாட்டின் அரசர் ஆல்ஃபிரட்டும், டென்மார்க் பக்கமிருந்து படையெடுத்து வந்த டேனியரின் தலைவர் குத்ரமும் நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த உடன்படிக்கை வாசகம் இன்றும் இருக்கிறது. தேம்ஸ், லீ ஆறு, பெட்ஃபர்ட், ஊஸ் ஆறு என்று வந்து எல்லைக்கோடு வாட்லிங் ஸ்ட்ரீட்டில் முடிகிறது. இங்கே இன்றைக்கும் அந்தச் சாலைதான் எல்லை: ஒரு பக்கம் லெஸ்டர்ஷயர், மறுபக்கம் வாரிக்ஷயர். காலையில் போகும்போது என் இடது சக்கரம் ஒரு மாவட்டத்தில், வலது சக்கரம் இன்னொன்றில் என்று சொல்லலாம். இரண்டு மாவட்டத்துக்கும் அது கடைக்கோடி. சந்தை, நீதிமன்றம், பெரிய கோயில் எல்லாம் அவரவர் நடுவூரில்தானே அமையும்?

பிறகு வந்த போக்குவரத்தும் கைவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் லண்டன்–ஹோலிஹெட் சாலையைச் சீரமைத்தபோது, அந்த வழி தெற்கே வீடன் என்னும் ஊரிலேயே வாட்லிங் ஸ்ட்ரீட்டை விட்டுப் பிரிந்து கோவென்ட்ரி, பர்மிங்ஹாம் பக்கம் போனது. தபால் வண்டிகளும் அந்தப் பக்கமே போயின. ரயிலும் அங்கே சந்திப்பு வைக்கவில்லை. எம்1, எம்6, எம்69 என்னும் மூன்று விரைவுச்சாலைகளும் இந்த வட்டாரத்தில்தான் ஓடுகின்றன, ஆனால் ஒன்றையொன்று சந்திப்பது வேறு இடங்களில்.

சரி, போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு நினைவுத்தூண். 1712இல் டென்பி பிரபுவும் சுற்றுவட்டாரப் பெரிய மனிதர்களும் சேர்ந்து எழுப்பியது. 1791இல் இடி விழுந்து உடைந்தது. எஞ்சியது அடிப்பகுதி. லத்தீனில் பொறித்த வாசகத்தின் கருத்து எனக்கு மிகவும் பிடிக்கும்: வழிப்போக்கரே, பழைய ரோமானியரின் காலடித் தடங்களைத் தேடுகிறீர்கள் என்றால் இதோ பாருங்கள், அவர்களுடைய புகழ்பெற்ற சாலைகள் இங்கே குறுக்கிட்டு பிரிட்டனின் கடைசி எல்லைகள் வரை போகின்றன. நான் போனது நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லில் பாசி படர்ந்திருந்தது. விரலால் தடவினால் சில இடங்களில் எழுத்தின் பள்ளம் தட்டுப்பட்டது, சில இடங்களில் வெறும் சொரசொரப்பு. அந்தக் கல்லின் மேல் கை வைத்திருந்தபோதே பின்னால் ஏ5இல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் சில எங்கள் வேர்ஹவுஸிலிருந்து வந்தவையாகவே இருக்கும்.

எனக்குத் தூணைவிடப் பெரிய விஷயம் அந்தச் சாலையே. தெற்கே ஃபாஸ் வே இன்றும் கார் ஓடும் தார்ச்சாலை, எண் பி4455. வடக்கே திரும்பினால் அதே சாலை நடைபாதையாகச் சுருங்கிவிடுகிறது. இருபக்கமும் முள்வேலிச் செடிகள், நடுவில் புல், புல்லுக்கு அடியில் குதிகாலால் அழுத்தினால் தெரியும் சரளைக்கல். ஷார்ன்ஃபோர்ட் பக்கம் ஃபாஸ் மெடோஸ் என்னும் புல்வெளிப் பூங்கா வரை நடந்தேன். வளைவே இல்லை. லெஸ்டரில் இதே சாலையைத் தேடினால் கட்டடங்களுக்கு அடியில்தான் கிடக்கும். இங்கே மேலே யாரும் எதுவும் கட்டாததால் ரோமானியர் நடந்த கோட்டிலேயே நாமும் நடக்க முடிகிறது. ஊர் வளரவில்லையே என்று வருத்தப்படுபவர்களிடம் நான் இந்தப் பாதையைத்தான் காட்டுவேன்.

நீங்கள் போவதாக இருந்தால் மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள், முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஏ5ஐ நடந்து கடக்கும்போது மட்டும் மிகவும் கவனம். லாரிகள் மேட்டில் ஏறி வரும் வேகத்தில் திடீரென்று கண்ணில் படும்.