டிஜிட்டல் பியானோவை லேப்டாப்போடும் ஸ்பீக்கரோடும் இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைவது ஏன்?

பெரும்பாலும் காரணம் கிரவுண்ட் லூப். லேப்டாப் சார்ஜரின் எர்த், யுஎஸ்பி கேபிள், பியானோ, ஆடியோ கேபிள், ஸ்பீக்கரின் எர்த் எல்லாம் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் மட்டம் சற்றே வேறுபட்டாலும் தண்ணீர் ஓடும் அல்லவா? அதுபோல இரண்டு பிளக்குகளின் எர்த்துக்கும் இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசத்தால், ஆடியோ கேபிளின் மேலுறைக் கம்பி வழியே மின்னோட்டம் ஓடுகிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமும் அதன் மடங்குகளும்தான் காதில் விழுபவை.

சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் இதுவேதான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். போதவில்லையென்றால் பியானோவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஸ்டீரியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். ஒலி கடக்கும், எர்த் கடக்காது. (‘உஸ்ஸ்’ என்ற சத்தம் வேறு கதை: பியானோ வால்யூமைக் கூட்டி, ஸ்பீக்கரைக் குறையுங்கள்.)

எர்த் பின்னை உடைப்பது தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். இரைச்சல் போகலாம், ஆனால் மின்கசிவு வந்தால் ஸ்பீக்கரின் உலோகப் பாகம் உயிருக்கே ஆபத்தான ஷாக் தரும்.