சிவிடி காரில் கியர் ஆயிலை மாற்ற வேண்டுமா? எந்த ஆயிலை ஊற்றுவது?

கேள்வி: "2016 ஹோண்டா சிட்டி, பெட்ரோல் சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வைத்திருக்கிறேன். 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், வண்டியின் ஆயுளுக்கும் அதுவே போதும் என்கிறார் நண்பர். எந்த ஏடிஎஃப்பையும், அதாவது சாதாரண ஆட்டோமேட்டிக் வண்டிக்கான கியர்பாக்ஸ் ஆயிலையும், ஊற்றலாம் என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதும் தவறு. ஆயிலை மாற்றுங்கள். டப்பாவின் மேல் எச்சிஎஃப்-2 என்ற பெயர் (ஹோண்டாவின் சிவிடி ஆயில் வகை) இருந்தால் மட்டுமே ஊற்ற விடுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் கிளம்பலாம். மீதி, நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட கதை.

என்னிடம் இருப்பதும் உங்கள் வண்டியின் அக்காதான், 2015 மாடல். 41,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் இரண்டாம் கையாக வாங்கினேன். வாங்கிய கையோடு எல்லா ஆயிலையும் மாற்றிவிடலாம் என்று கோயம்புத்தூரில் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் ஒரு பட்டறையில் விட்டேன். மாலையில் வண்டி வந்தது, கழுவித் துடைத்துப் பளபளவென்று. பில்லில் "கியர் ஆயில்" என்று இரண்டே சொற்கள். நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து ஏற்றம் தொடங்கியதும் வண்டி உதற ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து மீண்டும் எடுக்கும்போது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில், சீட்டுக்கு அடியில் யாரோ தகரத்தைப் பிடித்து ஆட்டுவதுபோல் ஒரு நடுக்கம். அழுத்தி மிதித்தால் காணாமல் போகும். மெதுவாகப் போனால் திரும்ப வரும். பின்சீட்டில் இருந்த என் அம்மா, "கல்லு ரோடாப்பா?" என்று கேட்டார். ரோடு புதிதாகப் போட்ட தார் ரோடு.

குன்னூரில் நிறுத்திப் பட்டறைக்குப் போன் செய்தேன். என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஏடிஎஃப்தான் சார். எல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வந்தது. அந்த மனிதரிடம் கெட்ட எண்ணம் இல்லை. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் சிவிடிக்கும் உள்ள வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கான செலவு மட்டும் என் தலையில்.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது புத்தகத்தால் அல்ல, என் தாய்மாமாவால். அவர் ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர். மோட்டாரிலிருந்து மெஷினுக்கு ஓடும் தட்டைப் பெல்ட் வழுக்கத் தொடங்கினால், ஓட்டத்திலேயே அதன்மீது ஒரு சிட்டிகை குங்கிலியப் பொடியைத் தூவுவார். பெல்ட் புல்லியைக் கவ்விக்கொள்ளும். அந்தப் பெல்ட்டில் தெரியாமல் யாராவது கிரீஸைத் தடவிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் சுற்றும், பெல்ட் வழுக்கும், நெல் அப்படியே நெல்லாக இருக்கும்.

சிவிடிக்குள் நடப்பதும் இதுதான். பற்சக்கர கியர்களுக்குப் பதிலாக இரண்டு புல்லிகள். ஒவ்வொரு புல்லியும் முகம் பார்த்து நிற்கும் இரண்டு கூம்புகள். நடுவில் ஓர் எஃகுப் பெல்ட். மெல்லிய எஃகு வளையங்களில் சுமார் நானூறு எஃகுத் துண்டுகளைக் கோத்துச் செய்தது அது. கூம்புகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், விலகினால் கீழே இறங்கும். விகிதம் மாறுவது அப்படித்தான். (இந்த வகைப் பெல்ட் இழுப்பதில்லை, துண்டுக்குத் துண்டு தள்ளித்தான் சக்தியைக் கடத்துகிறது. முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி சிவிடி வைத்த காரை வெளியிட்டபோது அதில் இருந்தது இழுக்கும் ரப்பர் பெல்ட். எஃகு பெல்ட் பின்னால் வந்தது.)

எஃகுக் கூம்பை எஃகுப் பெல்ட் கவ்வ வேண்டும். நடுவில் இருப்பதோ எண்ணெய். தேய்மானம் வராமல் வழவழப்புக் கொடுக்க வேண்டியதும் அதுதான், வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். சிவிடி ஆயிலைத் தயாரிப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சாதிக்கத்தான் தனி ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். ஏடிஎஃப்பில் சேர்ப்பவை வேறு. காகிதம் போன்ற உறை ஒட்டிய கிளட்ச் தட்டுகள் அதிராமல் மெதுவாகச் சேர்வதற்கானவை. அந்த வேலைக்கு அது நல்ல ஆயில். எஃகின்மேல் எஃகு கவ்வ வேண்டிய இடத்தில், அது மாமாவின் பெல்ட்டில் தடவிய கிரீஸ். கூம்புகளை நெருக்கும் அழுத்தத்தைக் கொடுப்பதும், கியர்பாக்ஸ் பெட்டியின் சூட்டை வெளியே கொண்டுபோவதும், எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச்சை நடுக்கமில்லாமல் சேர்ப்பதும் இதே ஆயில்தான். பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தால் கூம்பில் கீறல் விழும். விழுந்த கீறலை எந்த ஆயிலும் ஆற்றாது.

ஆயில் வாங்கும்போது கம்பெனியின் பெயரைவிடக் குறியீட்டின் பெயரைப் பாருங்கள். உங்கள் சிட்டிக்கு எச்சிஎஃப்-2. நிஸான் வண்டிகளில் என்எஸ்-2, என்எஸ்-3 என்று வரும். டொயோட்டாவில் முன்பு டிசி, பிறகு எஃப்இ. ஹூண்டாய் தன் சிவிடியை ஐவிடி என்று அழைக்கிறது. அதில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, ஆயிலும் வேறு. ஒரே கம்பெனிக்குள்ளும் மாறும் என்பதுதான் பலர் தடுக்கி விழும் இடம். என் நண்பரிடம் 2006 சிட்டி சிவிடி ஒன்று இன்னும் ஓடுகிறது. என்னிடம் மிச்சமிருந்த எச்சிஎஃப்-2 டப்பாவைக் கேட்டார். "அதுவும் ஹோண்டா, இதுவும் ஹோண்டா" என்பது அவர் வாதம். கொடுக்க மறுத்துவிட்டேன். அந்தத் தலைமுறைப் பெட்டியின் அமைப்பே வேறு, அதற்கு ஹோண்டா சொல்லியிருப்பது பழைய சிவிடி ஆயில். இரண்டையும் மாற்றியோ கலந்தோ ஊற்றக்கூடாது. நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். நிறம் வெறும் சாயம்.

எல்லா சிவிடிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் ஆயில்கள் உண்டே என்று கேட்பீர்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். "இந்த வண்டிகளில் பயன்படுத்தலாம்" என்பது ஆயில்காரர் தானே சொல்லிக்கொள்வது. வண்டிக் கம்பெனி அங்கீகரித்தது என்பது வேறு சங்கதி. என் வண்டிக்கு அசல் ஆயில் போட்டபோது ஆயிலுக்கு ஆன செலவு ஒரு டாங்க் பெட்ரோலின் விலைக்குள் அடங்கியது. சில வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க நினைப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இனி மாற்றும் வேலை. தவறான ஆயிலை வெளியேற்ற நான் போனது, சிவிடி வேலை தெரிந்த ஒரு தனி மெக்கானிக்கிடம். ஆயிலையும், அதை இறக்குவதற்கு அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கின் புது வாஷரையும் நானே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிப் போனேன். அவர் முதலில் செய்தது, ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தது. "மேலே திறக்க வராமல் கீழே திறந்துவிட்டால் வண்டி இங்கேயே உட்கார்ந்துவிடும்" என்றார். அன்று எனக்குக் கிடைத்த நல்ல பாடம் இதுதான். டிரெயின் பிளக்கின் தலையில் சதுரமான ஒரு குழி இருக்கும். எட்டில் மூன்று அங்குல ராட்செட்டின் சதுர முனை, சாக்கெட் எதுவும் மாட்டாமலே அதில் கச்சிதமாக உட்காரும். முதல் பட்டறையில் இதை வேறு எதையோ விட்டுத் திருகியிருக்கிறார்கள். குழியின் மூலைகள் மழுங்கியிருந்தன.

வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்கினோம். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பூச்சு ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதை விரலில் எடுத்து, வெயிலில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். மிருதுவாக இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துகளோ, மினுமினுக்கும் சீவலோ இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். எனக்கு மை மட்டும்தான். அந்த நிமிடம்வரை நான் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். துடைப்பதற்குப் பஞ்சு வேஸ்ட்டை அவர் தொடவிடவில்லை. நூல் பிரியாத துணி மட்டும். உள்ளே வால்வுகளின் வழிகள் அவ்வளவு நுண்மையானவை.

இறங்கியதை அளவுக் குவளையில் அளந்தோம். மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே அளவு புது ஆயில், புது வாஷர். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி, சூடேறியதும் மட்டம் பார்க்கும் போல்ட்டைத் திறந்து சரிபார்த்தார். டிப்ஸ்டிக் (மட்டம் பார்க்கும் குச்சி) இல்லாத பெட்டிகளில் மட்டத்தை எந்தச் சூட்டில் பார்க்க வேண்டும் என்பதற்குக் கம்பெனி முறை இருக்கிறது. கண்மதிப்பில் ஊற்றுபவரிடம் வண்டியை விடாதீர்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் நுரைத்துக் கெடுதல்.

ஒருமுறை இறக்கினால் எல்லா ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் மிச்சம் தங்கும். ஒரு தடவையில் அறுபது சதவீதம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பின் பழையது நாற்பது, இரண்டாவதில் பதினாறு, மூன்றாவதில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். என் வண்டியில் இருந்தது தவறான ஆயில் என்பதால், நடுவே முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மூன்று முறை செய்தேன். இரண்டாவது முறைக்குப் பிறகே உதறல் பெரும்பாலும் அடங்கியது. மூன்றாவதற்குப் பின் கல்லாறு ஏற்றத்தில் அம்மா தூங்கிவிட்டார். மெஷினை வைத்து அழுத்தி மொத்தமாகக் கழுவுகிறேன் என்று சொன்ன இடத்தில் நான் சம்மதிக்கவில்லை. இறக்கி ஊற்றுவது மெதுவான வழி, ஆனால் உள்ளே எதையும் கலக்காத வழி.

"ஆயுளுக்கும் போதும்" என்ற பேச்சைப் பற்றி ஒரு வரி: யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது, அதில் கடினமான ஓட்டத்துக்குத் தனி வரி இருந்தால் நீங்கள் அதற்குள் வருகிறீர்களா என்று பாருங்கள். ஊர்ந்து போகும் நகரப் போக்குவரத்தும் மலை ஏற்றமும் சித்திரை வெயிலும் கடினமான ஓட்டம்தான். நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

உங்கள் வண்டி ஹைப்ரிட் சிட்டி என்றால் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். அதை இ-சிவிடி என்று அழைத்தாலும் உள்ளே பெல்ட்டே கிடையாது, ஆயிலும் வேறு.

68,000-த்தில் உதறல் எதுவும் இல்லையென்றால், இதுவரை மாற்றாத வண்டிக்கு இரண்டு முறை இறக்கி ஊற்றினால் போதும், நடுவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு. உதறல் ஏற்கெனவே இருந்தால், முதலில் ஆயில், பிறகு வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர், அதற்கும் பிறகுதான் பெட்டியைப் பிரிக்கும் பேச்சு. எப்படியானாலும் பில்லில் "கியர் ஆயில்" என்று எழுத விடாதீர்கள். எச்சிஎஃப்-2, இத்தனை லிட்டர் என்று எழுதி வாங்குங்கள். காலி டப்பாவையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள். என் டிக்கியில் மூன்று கிடக்கின்றன.