பிரவுசரில் திறக்கிற மெயில் அவுட்லுக்கில் திறக்கவில்லையா? – கேள்வி பதில்

வணக்கம். பாளையங்கோட்டையில் கணினி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். மெயில் லாகின் பிரச்சினை பற்றி நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: படித்து முடிக்கும் வரை யாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம். முதலில் வந்த கோளாறு பெரும்பாலும் சின்னதாக இருக்கும். பதறிப்போய் பாஸ்வேர்டை மாற்றுவதால் வருகிற இரண்டாவது கோளாறுதான் ஆளைப் படுத்துகிறது.

கல்லிடைக்குறிச்சி, அப்பள வியாபாரம்: அண்ணாச்சி, ஜிமெயில் குரோமில் நன்றாகத் திறக்கிறது. அதே பாஸ்வேர்டைக் கணினியில் உள்ள அவுட்லுக் 2016 மென்பொருளில் போட்டால் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மூன்று தடவை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இப்போது போனிலும் கேட்கிறது. வெளியூர் ஆர்டர் எல்லாம் இந்த மெயிலில்தான் வரும்.

குரோமில் திறக்கிறது என்றால் உங்கள் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. நெல்லையப்பர் கோயிலுக்கு சுவாமி சன்னதி வாசல் வழியாகவும் போகலாம், அம்மன் சன்னதி வாசல் வழியாகவும் போகலாம். ஒரு வாசல் சாத்தியிருந்தால் கோயிலே சாத்திவிட்டதாக நினைக்க மாட்டோம். பிரவுசர் ஒரு வாசல், அவுட்லுக் போகிற ஐமேப் இன்னொரு வாசல். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டாவது வாசலில் நுழைவதை, தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக் 2016க்கு கூகுளின் புதிய லாகின் முறை தெரியாது. அது பழையபடி பாஸ்வேர்டை நீட்டுகிறது, கூகுள் திருப்பி அனுப்புகிறது.

இதற்கு வழி ஆப் பாஸ்வேர்டு, அதாவது ஒரு மென்பொருளுக்கென்று கூகுள் தனியாக உருவாக்கித் தரும் பாஸ்வேர்டு. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் முதலில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதியும் கேட்கும் முறை) ஆன் செய்யுங்கள். அப்புறம் அங்கே உள்ள தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்டு என்று ஆங்கிலத்தில் தேடினால் அந்தப் பக்கம் வரும். ஒரு பெயர் கேட்கும். ‘கடை அவுட்லுக்’ என்பது போல எந்தக் கணினி என்று தெரிகிற பெயராக வையுங்கள். நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்து காட்டும். அதை இடைவெளி விடாமல் அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் போடுங்கள். அந்தப் பெட்டியை மூடினால் மறுபடி காட்டாது, ஆனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

சர்வர் விவரத்தையும் ஒரு தடவை பாருங்கள். உள்ளே வருவதற்கு ஐமேப் புள்ளி ஜிமெயில் புள்ளி காம், போர்ட் 993, எஸ்எஸ்எல். வெளியே போவதற்கு எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம், போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட் டிஎல்எஸ். யூசர்நேம் என்பது முழு மெயில் முகவரி.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கூகுளின் முக்கியப் பாஸ்வேர்டை என்றைக்கு மாற்றுகிறீர்களோ அன்றைக்கே பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். அதனால்தான் ஆரம்பத்திலேயே மாற்றாதீர்கள் என்று கெஞ்சினேன். இன்னொன்று, அவுட்லுக் 2016க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கடை மெயிலை அதில் நெடுநாள் வைத்திருக்க வேண்டாம். தண்டர்பேர்டு என்கிற மெயில் மென்பொருள் இலவசம், ஜிமெயிலின் புதிய லாகின் முறை அதற்குத் தெரியும், ஆப் பாஸ்வேர்டே தேவைப்படாது.

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியை: சார், ஆப் பாஸ்வேர்டு பக்கமே எனக்கு வரவில்லை. கல்லூரி கொடுத்த மெயில், கூகுளில்தான் இருக்கிறது.

கல்லூரிக் கணக்கில் அந்த வசதியைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் கல்லூரி மெயில் நிர்வாகி கையில் இருக்கிறது மேடம். டூ ஸ்டெப் போடாவிட்டாலும் வராது, செக்யூரிட்டி கீ என்கிற சின்னக் கருவியை மட்டும் வைத்து டூ ஸ்டெப் போட்டிருந்தாலும் வராது. நிறுவனக் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டு வழி 2025 மே 1 முதல் கிடையாது. நிர்வாகியிடம் சண்டை போடுவதை விட, தண்டர்பேர்டில் ஓஆத் 2 முறையில் (மேலே சொன்ன புதிய லாகின் முறைதான்) சேர்த்துப் பாருங்கள்.

சங்கரன்கோவில், ஜவுளிக் கடை: ஹாட்மெயில் 15 வருடமாக வைத்திருக்கிறோம். அவுட்லுக் 2013. ஒரு நாள் திடீரென்று நின்றது. ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போட்டும் ஏறவில்லை.

ஜிமெயிலுக்குச் சொன்ன மருந்து இதற்கு வேலை செய்யாது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16உடன் பழைய முறை முற்றிலும் போய்விட்டது. ஆப் பாஸ்வேர்டும் அந்தப் பழைய முறையில்தான் சேரும். அவுட்லுக் 2013ஐ வைத்து இனி முடியாது என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தண்டர்பேர்டுக்கு மாறுங்கள். அதற்கு முன், பிரவுசரில் அவுட்லுக் டாட் காம் போய், செட்டிங்ஸில் பாப், ஐமேப் பகுதியைத் திறந்து அனுமதி கொடுங்கள். இது தானாக ஆனில் இருக்காது. அப்புறம் தண்டர்பேர்டில் அத்தென்டிகேஷன் முறை என்ற இடத்தில் ஓஆத் 2 தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்டின் லாகின் ஜன்னல் தானே திறக்கும். அது வெள்ளையாக நின்றாலோ, லாகின் ஆகியும் திரும்பத் திரும்ப வந்தாலோ, தண்டர்பேர்டின் பிரைவசி செட்டிங்ஸில் குக்கீ ஏற்கும் டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு டிக் இல்லாமல் இரண்டு நாள் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேலப்பாளையம்: தண்டர்பேர்டில் மெயில் வருகிறது, ஆனால் போக மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு தப்பு என்கிறது. அதே பாஸ்வேர்டில்தானே உள்ளே வருகிறது?

வருவதற்கு ஒரு சர்வர், போவதற்கு வேறு சர்வர் பாய். இரண்டுக்கும் பாஸ்வேர்டு தனித்தனியாகச் சேமிக்கப்படும். நீங்கள் ஒன்றை மாற்றியிருப்பீர்கள், மற்றொன்று பழையதாகவே இருக்கும். செட்டிங்ஸில் சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் திறந்து எஸ்எம்டிபி என்று தொடங்கும் வரியை அழித்துவிட்டு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், புதிதாகக் கேட்கும். போர்ட் 25 என்று இருந்தால் 587 ஆக்குங்கள்.

அம்பாசமுத்திரம், அரிசி ஆலை: கரண்ட் போய் வந்த பிறகு எந்த மெயிலும் திறக்கவில்லை. மூன்று கணக்கு, மூன்றும் சர்டிஃபிகேட் தப்பு என்கிறது. வைரஸா?

மூன்று கணக்கும் ஒரே நேரத்தில் நின்றால் சந்தேகத்தைக் கணக்கின் மேல் வைக்காதீர்கள், கணினியின் மேல் வையுங்கள். திரையின் வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஒரு ஆலைக்கு இதே புகாருக்காகப் போயிருந்தேன். கணக்குப்பிள்ளை இரண்டு நாளாக பாஸ்வேர்டை மாற்றி மாற்றி ஒரு டைரிப் பக்கத்தை நிரப்பியிருந்தார். தேதியைப் பார்த்தால் 2009 ஜனவரி 1. சர்வர் காட்டுகிற சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கணினி 2009இல் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இணைப்பையே மறுத்துவிடுகிறது. பாஸ்வேர்டு சரியா தப்பா என்று பார்க்கும் கட்டத்துக்கே போவதில்லை. பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டு முழுக்கத் தவிடு படிந்து மஞ்சளாக இருந்தது. தூரிகையால் துடைத்த பிறகுதான் நாணயம் மாதிரி இருக்கும் அந்த பேட்டரி கண்ணுக்குத் தெரிந்தது. சிஆர் 2032 என்று மேலேயே எழுதியிருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். புதிது போட்டு, தேதியைச் சரிசெய்ததும் மூன்று கணக்கும் பழைய பாஸ்வேர்டிலேயே திறந்தன. அதாவது, அவர் மாற்றாமல் விட்டிருந்த இரண்டு திறந்தன. மூன்றாவதற்கு டைரியில் எது கடைசி என்று தேட வேண்டியிருந்தது.

நீங்களும் முதலில் தேதியை மட்டும் திருத்திப் பாருங்கள். மறுநாள் மறுபடி பின்னால் போனால் பேட்டரியை மாற்றுங்கள்.

தென்காசி, சிறு நிறுவனம்: சொந்த டொமைனில் ஜோஹோ மெயில். ஜோஹோவின் மத்தளம்பாறை ஆபீஸ் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், ஆனாலும் அவுட்லுக்கில் ஏறவில்லை! சர்வர் பெயரை இணையத்தில் பார்த்துத்தான் போட்டேன்.

அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன் தம்பி. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலும் காம் என்று முடியும் சர்வர் இருக்கும். இந்தியாவில் தொடங்கிய கணக்கு இன் என்று முடியும் சர்வரில் இருக்கும். பிரவுசரில் மெயிலைத் திறந்து, மேலே முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். இன் என்றால், சொந்த டொமைனுக்கு ஐமேப்ப்ரோ புள்ளி ஜோஹோ புள்ளி இன். அந்த ‘ப்ரோ’வை விட்டாலும் ஏறாது. செட்டிங்ஸில் ஐமேப் ஆன் செய்ய வேண்டும். டூ ஃபேக்டர், அதாவது டூ ஸ்டெப் இருந்தால் ஆப் பாஸ்வேர்டு வேண்டும். புதிதாகத் தொடங்கிய இலவசத் திட்டமாக இருந்தால் ஐமேப் வசதியே கிடையாது. அப்போது பிரவுசரோ அவர்களுடைய ஆப்போதான் வழி.

வள்ளியூர்: கம்பெனி மெயில், ஹோஸ்டிங்கில் (வாடகை சர்வரில்) இருக்கிறது. ஆபீசில் இருந்தால் வெப்மெயிலும் திறக்காது, அவுட்லுக்கும் திறக்காது. வீட்டில் இரண்டும் திறக்கிறது.

உங்கள் ஆபீஸ் இணைப்பையே சர்வர் தடுத்து வைத்திருக்கும். தவறான பாஸ்வேர்டு பல தடவை வந்தால் அந்த இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பூட்டிவிடும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆபீஸ் கணினியை அதில் இணையுங்கள். திறந்தால் இதுதான் காரணம். ஹோஸ்டிங்காரரிடம் தடையை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன், பழைய பாஸ்வேர்டோடு ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் தொடாத மூலைக் கணினி, வேலையை விட்டுப் போனவரின் போன், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின் என்று ஏதோ ஒன்று சில நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தாவிட்டால் நாளைக்கும் பூட்டும்.

பத்தமடை, பாய் விற்பனை: பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன். தப்பு என்கிறது.

நோட்பேடில் அடித்துக் கண்ணால் பாருங்கள். தமிழ் கீபோர்டு ஆனில் இருந்தால், பாஸ்வேர்டை மறைக்கும் புள்ளிகளுக்குப் பின்னால் என்ன விழுகிறது என்று தெரியாது. நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும், அதையும் பாருங்கள். பார்த்ததும் நோட்பேடைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

ஆலங்குளம்: மெயில் திறக்கவில்லை என்று இணையத்தில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிட்டேன். ஒரு ஆப்பை ஏற்றச் சொல்லி, என் திரையைப் பார்த்து, ஓடிபியும் வாங்கினார். சரிசெய்து கொடுத்துவிட்டார். பயப்பட வேண்டுமா?

அக்கா, இதற்கு மட்டும் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், வேறு ஒரு கருவியிலிருந்து. அவர் ஏற்றச் சொன்ன ஆப்பை நீக்குங்கள். கணக்கில் எந்தெந்தக் கருவி உள்ளே இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாத அனைத்தையும் வெளியேற்றுங்கள். ஆப் பாஸ்வேர்டு ஏதாவது உருவாக்கியிருந்தால் அழியுங்கள். அப்புறம், நிறையப் பேர் பார்க்காமல் விடுகிற இடம்: மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். அங்கே தெரியாத முகவரி ஒன்று இருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்கள் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ரெக்கவரி போன் நம்பர் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் 1930க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். எந்த மெயில் நிறுவனத்தாரும் உங்கள் ஓடிபியைக் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

பாளையங்கோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: பழைய கணினி நின்றுவிட்டது. புதியதில் ஜிமெயில் லாகின் ஆகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து மகன் 2011 முதல் எழுதிய கடிதங்கள் எதுவும் இன்பாக்ஸில் இல்லை. எல்லாம் பழைய அவுட்லுக்கில் படித்தவை.

ஐயா, கவலைப்படாமல் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய அவுட்லுக் பாப் முறையில் கடிதங்களைக் கணினிக்கே இறக்கியிருக்கும். இறக்கிய பிறகு ஜிமெயில் தன் பிரதியை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு செட்டிங் உண்டு: இன்பாக்ஸிலேயே வைக்கலாம், ஆர்க்கைவ் செய்யலாம், அழிக்கலாம். ஆர்க்கைவ் என்று இருந்திருந்தால் இன்பாக்ஸில் தெரியாது, ஆனால் கடிதம் அப்படியே இருக்கும். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, இடது பக்கம் மோர் என்பதை அழுத்தி, ஆல் மெயில் என்ற இடத்தில் மகனுடைய முகவரியைத் தேடுங்கள்.

அங்கேயும் இல்லை என்றால் பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஃபார்மட் செய்யவும் விடாதீர்கள். கணினி நின்றுபோனாலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை வெளியே எடுத்து வேறு கணினியில் மாட்டினால், டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் பிஎஸ்டி என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும். கடிதங்கள் எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கும். யார் கழற்றினாலும் முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் திறக்கச் சொல்லுங்கள்.