நாலு வயது ஸ்ட்ரோபெரிப் பாத்தியைத் திருகோணமலையில் புதுப்பிப்பது எப்படி?

அம்மா நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட செடிகள், நாலு வருடமாகிறது, இப்போது இலை மட்டும் தள்ளுகின்றன, அம்மாவும் இல்லாததால் பிடுங்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் திருகோணமலைதான், உவர்மலைப் பக்கம். ஆறு வருடமாக ஸ்ட்ரோபெரி வைத்திருக்கிறேன்.

உங்கள் மனக்கஷ்டத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தச் செடி விடும் கொடியில் பிடிக்கிற கன்று, அதே செடிதான். விதை போட்டால் முளைப்பது வேறு குணத்தோடு வரும். கொடியில் வருவது அப்படியில்லை, தாயின் உடம்பிலிருந்தே நீண்டு வேர்விட்ட துண்டு. வல்லாரை பரவுவதை 'ஓடி' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே முறைதான். ஆகவே கன்றுகளை எடுத்து வளர்த்துவிட்டுக் கிழட்டுச் செடியை அகற்றினால் அம்மாவின் செடி உங்கள் வளவில் அப்படியே இருக்கும். பிடுங்காமல் விட்டால்தான் அதை இழப்பீர்கள். குளிர் நாட்டிலேயே மூன்று, நாலு வருடத்தில் ஸ்ட்ரோபெரி தளர்ந்துவிடும். அடித்தண்டு வருடா வருடம் மண்ணுக்கு மேலே உயர்ந்து மரம்போல் முற்றிப்போகும், அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் கொண்டுவரும் நச்சுயிர் நோய்களும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும்.

இலை மட்டும் தள்ளுவதற்கு வயது மட்டும் காரணமில்லை, வெக்கையும்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், சராசரி வெப்பநிலை 16 பாகையளவு. எங்களுக்குத் தை மாத இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சூடு கூடினால் ஸ்ட்ரோபெரி பூவை விட்டுவிட்டு இலையிலும் கொடியிலும் சத்தைப் போடும். யூரியா போட்டால் இன்னும் மோசம், அதை உடனே நிறுத்துங்கள். கொடி விடுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது: உங்களுக்கு இப்போது வேண்டியதே கொடிதான்.

நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும், நீங்கள் படக்கூடாது. இரண்டாம் வருடம், ஒரு வெளிநாட்டு வீடியோவில் பழம் முடிந்ததும் எல்லா இலையையும் அடியோடு வெட்டச் சொன்னார்கள். அங்கே அது சரியான வேலை. ஜூன், ஜூலையில் வெட்டினால் பின்னால் குளிர்ச்சியான இலையுதிர் காலம் வரும், செடி நிதானமாகத் துளிர்த்து அடுத்த வருடத்துப் பூமொட்டை உள்ளே கட்டிக்கொள்ளும். எங்களுக்குப் பழம் முடிவது பங்குனியில். அதற்குப் பின்னால் வருவது சித்திரை வெயில், அதற்கும் பின்னால் தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று. பதினாலு செடியை வெட்டினேன். ஆடி மாதம் பார்த்தபோது இரண்டுதான் மிச்சம். அந்த இரண்டிலிருந்து வந்தவைதான் இன்றைக்கு என்னிடம் உள்ள அத்தனையும். எனவே இங்கே மொட்டையடிக்காதீர்கள். காய்ந்த இலை, புள்ளி விழுந்த இலை, இவற்றை மட்டும் கிள்ளி எடுங்கள்.

கன்று எடுக்கும் விதம்: பழம் இருக்கும் மாதங்களில் கொடி வந்தால் வெட்டிவிடுவேன். சித்திரை முதல் ஒரு தாய்ச்செடிக்கு இரண்டு கொடி விடுவேன், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கொடியிலும் தாய்க்குக் கிட்ட உள்ள முதல் இரண்டு கன்றுதான் பலமானது. அடியில் துளை போட்ட யோகட் கோப்பையில் மண்கலவை நிரப்பி, கன்றை அதன்மேல் வைத்து, ஈர்க்கை வளைத்துக் கொண்டை ஊசிபோலக் குத்திப் பிடித்துவிடுங்கள். கொடியை வெட்டக்கூடாது, வேர் பிடிக்கும்வரை தாய்தான் அதற்குச் சாப்பாடு கொடுக்கும். நாலு கிழமையில் மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையாவிட்டால் வெட்டலாம். இலை சுருண்டோ மஞ்சள் படர்ந்தோ இருக்கிற தாயில் மட்டும் எடுக்காதீர்கள், நோயும் கூடவே வரும்.

வைகாசியிலிருந்து ஆவணிவரை ஒரே நோக்கம் உயிரோடு வைத்திருப்பது. காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம், மேலே நிழல் வலை. கச்சானில் இலையின் அடிப்பக்கம் சிவப்புச் சிற்றுண்ணி வரும், இலை வெளிறி நுண்ணிய வலை கட்டும். காலையில் இலையின் அடியில் படும்படி தண்ணீர் பீச்சியடித்தால் பெருமளவு அடங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஸ்ட்ரோபெரி உப்பைத் தாங்காது. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் கச்சான் காலத்தில் சவர் ஏறும், இலை ஓரம் தீய்ந்து கபில நிறமாவது அதனால்தான். நான் மாரியில் பிடித்த மழைத்தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும்தான் ஊற்றுகிறேன். தும்புத்தூள் வாங்கினால் அதிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் ஊறவைத்து அலசுங்கள்.

புரட்டாதியில் கன்றுகளைப் புதுப் பாத்திக்கு மாற்றுவேன். பழைய பாத்தி மண்ணிலேயே திரும்ப நட வேண்டாம். கத்தரி, தக்காளி, மிளகாய் நின்ற மண்ணும் வேண்டாம், வேர்நோய் பொதுவானது. நன்றாக உக்கிய மாட்டெரு, அலசிய தும்புத்தூள், மணல் கலந்த மண்ணை ஒரு முழ உயரத்துக்குப் பலகை கட்டி நிரப்புங்கள். நடும்போது இலைகள் கிளம்பும் குருத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். இந்த ஒரு பிழையால் போகிற கன்றுகள்தான் அதிகம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலே பொலித்தீன் கூரை. பழம் மண்ணில் படாமல் தம்பலகாமத்து வைக்கோல் பரப்புகிறேன். ஆனால் அடைமழை நாளில் அதை ஒதுக்கிவிடுவேன், நத்தை அதற்குள் ஒளிந்துகொள்ளும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் இருப்பவரென்றால் மானுக்கு வலை கட்டாமல் தொடங்கவே வேண்டாம், ஒரே இரவில் குருத்தோடு மேய்ந்துவிடும்.

மார்கழி கடைசியில் பூக்கும். தேனீ வராத மழை நாளில் மெல்லிய தூரிகையால் பூவின் நடுவைச் சுற்றித் தடவிவிடுங்கள், விதை பிடிக்காத பக்கம் பழம் சதைவைக்காமல் கோணலாகிவிடும். முழுதும் சிவந்த பிறகே பறியுங்கள், பறித்த பின் இனிப்பு ஏறாது. விளைச்சலைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன்: பன்னிரண்டு செடியில் எனக்குத் தை, மாசியில் கிழமைக்கு ஒரு கைப்பிடி. நுவரெலியாப் பழத்தின் பாதி அளவுதான், ஆனால் வாசம் வீட்டுக்குள் வரும்.

கன்றுகள் புதுப் பாத்தியில் இரண்டு புது இலை விட்ட பிறகே தாய்ச்செடிகளைப் பிடுங்குங்கள். அதுவரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.