ஒரே வட்டு, ஆறு கணினிகள்: பெட்டியை வாங்கும் முன்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் ஐந்து லினக்ஸ் கணினிகளும் ஒரு விண்டோஸ் கணினியும் இருக்கின்றன. வடிவமைப்புக் கோப்புகளை ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் திறந்து திருத்த வேண்டும். ‘ஐஸ்கஸி’ பெட்டி வாங்கினால் எல்லாக் கணினியிலும் அது சொந்த வட்டு போலவே தெரியும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஐஸ்கஸி கோப்புகளைப் பகிர்வதில்லை. வெறும் வட்டை வலைக் கம்பி வழியே நீட்டுகிறது, அவ்வளவுதான். எந்த இடம் காலி, எங்கே எந்தக் கோப்பு என்ற கணக்கை ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். லினக்ஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறையிலான வட்டில் இரண்டு கணினிகள் எழுதினால், ஒன்று காலி என்று நினைக்கும் இடத்தில் மற்றது ஏற்கெனவே எழுதியிருக்கும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் கல்யாணப் பத்திரிகைக் கோப்பு திறக்காது. அல்லது கோப்புறையே காணாமல் போயிருக்கும். அதற்குள் பெட்டிக்கான பணம் கைமாறியிருக்கும்.

ஒரே ஒரு கணினி மட்டும் பயன்படுத்துவதானால் ஐஸ்கஸி நல்ல முறைதான். ஒன்று என்றால் ஒன்றேதான். “மற்றவற்றில் படிக்க மட்டும் இணைத்துக்கொள்கிறோம்” என்பார்கள், அதுவும் கூடாது. படிக்கும் கணினி பழைய கணக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, படிக்க மட்டும் என்று இணைத்தாலும் ஈஎக்ஸ்டி4 தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலைச் சரிசெய்ய வட்டில் எழுதக்கூடும். பல கணினிகள் சேர்ந்து எழுதுவதற்கென்றே ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 என்ற கோப்பு முறைகள் உண்டு. அவற்றைக் கட்டி மேய்க்கத் தனி ஆள் வேண்டும். விற்பனையாளர் அந்த ஆளைப் பற்றிப் பேச மாட்டார்.

உங்களுக்குச் சாம்பா போதும்; லினக்ஸ் கணினியிலிருந்து விண்டோஸ் முறையில் கோப்புறைகளைப் பகிரும் மென்பொருள் அது. ஒரு பழைய கணினியில் லினக்ஸும் நல்ல வட்டும் போட்டு, ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். விண்டோஸும் லினக்ஸும் அதே கோப்புறையைத் திறக்கும். பழைய ஸ்கேனருக்காக, அந்தப் பகிர்வு முறையின் பழைய வடிவமான எஸ்எம்பி1ஐ இயக்கித் தருகிறேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை நிரல் உலகெங்கும் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான்.

லினக்ஸ் கணினிகளுக்கு மட்டும் என்றால் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை எளிது. ஆனால் இயல்பு நிலையில் அது ஆளின் பெயரைப் பார்ப்பதில்லை, பயனர் எண்ணையே நம்புகிறது. உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. தனித்தனியாக நிறுவிய ஐந்து கணினிகளிலும் முதல் பயனர் 1000தான். ஆகவே சர்வருக்கு ஐந்து பேரும் ஒரே ஆள். எண்கள் வேறுபட்டாலோ, “அனுமதி இல்லை” என்ற வறட்டு வரியோடு நின்றுவிடும், காரணம் சொல்லாது. உடனே பழுதுபார்ப்பவர் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 என்ற எண்ணைத் தட்டி, யார் வேண்டுமானாலும் எதையும் அழிக்கலாம் என்று ஆக்கிவிட்டுப் போவார். ஆள் யார் என்று உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறையைப் போடுங்கள் என்கிறது கையேடு. 1984இல் வந்த என்எஃப்எஸ்ஸுக்கு, ஆறு கணினி வைத்திருப்பவரிடம் இன்னும் இதைத்தான் சொல்ல வேண்டுமா?

எதைப் போட்டாலும் காப்புநகல் தனி. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு அதற்கு ஈடாகாது.

கம்பியையும் பாருங்கள். எட்டு இழைகளில் நான்கை மட்டும் இணைத்து முடித்த கம்பியில் வேகம் நூறு மெகாபிட்டில் நின்றுவிடும். ஒரு ஜிபி கோப்பு நகல் ஆக ஒன்றரை நிமிடம் பிடித்தால் சந்தேகம் அங்கேதான். கிகாபிட் கம்பியில் அதே கோப்பு ஏறத்தாழ பத்து விநாடியில் வந்துவிடும். கம்பியை மாற்றிப் பார்க்காமல் எந்தப் பெட்டிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.