ஹீம்ஸ்கெர்க் வரைபடத்தை வாங்கலாமா?

கேள்வி: 1906-இல் நீரில் இறங்கிய டச்சுக் கரையோரப் பாதுகாப்புக் கப்பல் 'யாகோப் ஃபான் ஹீம்ஸ்கெர்க்'கை 1:200 அளவில் மாடல் செய்ய ஆசை. தரகர் ஒருவர் 'அசல் பிளான்' என்று ஒரு மாதிரிப் பக்கம் அனுப்பினார். அதில் ஒரே புகைபோக்கி, ஐந்து இரட்டைப் பீரங்கிகள். பிற்காலத்தில் மாற்றியமைத்தது என்கிறார். நம்பலாமா?

பதில்: வாங்காதீர்கள். அது உங்கள் கப்பலே இல்லை. 1939-இல் நீரில் இறங்கிய, அதே பெயர் கொண்ட லைட் க்ரூசர், அதாவது இலகுவான, வேகமான போர்க்கப்பல். 1940-இல் ஜெர்மன் படையெடுப்பிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிப் போனபின் அதற்குத்தான் பத்து 102 மி.மீ. பீரங்கிகள் பொருத்தினார்கள். பழைய கப்பலின் பெயரைப் பிடுங்கிப் புதியதற்குச் சூட்டிவிட்டு, கிழவிக்கு 'ஐமுய்டன்' என்று வைத்தார்கள். கடற்படைகளின் இந்த வழக்கத்தில்தான் தரகர்களின் பிழைப்பே ஓடுகிறது.

உங்கள் கப்பல் 4,920 டன். நீளம் சுமார் 98 மீ., அகலம் 15.2 மீ. ஆழமில்லாத டச்சுக் கரையோரத்துக்காகவே நீருக்கடியில் 5.7 மீ. மட்டும். முன்னும் பின்னும் ஒவ்வொரு 240 மி.மீ. ஒற்றைப் பீரங்கிக் கோபுரம், ஆறு 150 மி.மீ. பீரங்கிகள், இரண்டு புகைபோக்கிகள். ஒரு மாதிரிப் பக்கம் இருந்தாலே போதும்: நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். சுமார் 6.5 வரவேண்டும். க்ரூசருக்கு 10.6 வரும். ஸ்கேன் செய்த படத்தைத் தாளுக்கு ஏற்பச் சுருக்கி அச்சடித்தால் 1:200 என்ற எழுத்து பொய்யாகிவிடும், விகிதம் மாறாது. சரியான அச்சில் உடல் 49 செ.மீ. நீளம், 7.6 செ.மீ. அகலம்.

'பிற்கால மாற்றம்' என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் ஏமாறுகிறார்கள். 1940 மே மாதம் டச்சுக்காரர்களே மூழ்கடித்த இந்தக் கப்பலை ஜெர்மானியர் தூக்கி, தங்கள் கீல் துறைமுகத்தில் விமான எதிர்ப்புக் கப்பலாக்கி, 'உண்டினே' என்று பெயரிட்டார்கள். 105, 40, 20 மி.மீ. பீரங்கிகள் ஏறின. அந்த உருவம்தான் வேண்டுமென்றால், 1906 பிளானில் தளத்துக்குக் கீழுள்ள உடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கட்டுமானம் முழுவதும் வேறு. ஆனால் 'உண்டினே, 105 மி.மீ. பீரங்கிகள்' என்று விற்கும் பிளானிலும் பொறி இருக்கிறது. 1915-இல் மூழ்கிய ஜெர்மன் சிறு க்ரூசருக்கும் அதே பெயர், அதே 105 மி.மீ.! விகிதம் சுமார் 8.5 வந்தால் அது இந்தப் பழைய க்ரூசர். 'ஹெர்டோக் ஹென்ட்ரிக்' என்ற இன்னொரு டச்சுக் கரையோரப் பாதுகாப்புக் கப்பலை ஜெர்மானியர் 'அரியாட்னே' ஆக்கியதிலும் இதே குழப்பம்தான்.

போருக்குப் பின் ஜெர்மன் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் கிடைத்த உங்கள் கப்பலை டச்சுக் கடற்படை மாலுமிகள் தங்கும் 'நெப்டூனஸ்' ஆக்கி 1974 வரை வைத்திருந்தது. ஆக ஒரே இரும்புக்கு நான்கு பெயர். பட்டியல் போடுகிறவர்கள் பெயரை வைத்து அடுக்குகிறார்கள், உடலை வைத்து அல்ல. நாலு பெயரிலும் தேடித் தொலைக்க வேண்டியது நீங்கள்தான்.

பிளானின் மூலையில் பெயர், ஆண்டு, அளவுகோல் எழுதிய கட்டத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, படத்தில் எத்தனை மீட்டர் என்று காட்டும் அளவுக்கோடும் தெரியவேண்டும். 'முதலில் பணம்' என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.