மலையகக் குளிரில் பிறக்கும் குழந்தைக்குப் பாரமில்லாத பூப்பின்னல் போர்வையைக் குரோசேயில் பின்னுவது எப்படி?

தங்கைக்கு ஜூன் மாதத்தில் பிள்ளை பிறக்கவிருப்பதாகவும், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளரப்போகும் அந்தப் பிள்ளைக்கு மெல்லிய பூப்பின்னல் போர்வை ஒன்றைப் பின்ன விரும்புவதாகவும், ஓட்டையுள்ள போர்வை நம் ஊர்க் குளிரைத் தாங்குமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த நூல், தொடக்கத்தில் எத்தனை சங்கிலிக் கண்ணி என்றும் கேட்டிருக்கிறீர்கள். தலவாக்கலையில் இருந்துகொண்டு இதுவரை பதினொரு குழந்தைப் போர்வைகள் பின்னியவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

குளிரைத் தாங்கும். நூலுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுத்தான் போர்வையில் சூட்டைப் பிடித்து வைக்கிறது. பூப்பின்னலைத் தனியே ஒரு மடிப்பாகப் போர்த்தினால் அந்தக் காற்று கலைந்துவிடும். இரண்டாக மடித்தாலோ, அதற்கு மேல் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றினாலோ சூடு தங்கும். எங்கள் அம்மாயி வீட்டில் தோட்டத்தில் கொடுத்த பழைய கம்பளி ஒன்று இருந்தது. பெரியவர்களுக்கு அது நல்ல காப்பு. ஆனால் ஒருமுறை நனைந்தால் இரண்டு நாளாகியும் காயாது, பிறந்த பிள்ளையின் நெஞ்சில் போடக்கூடிய பாரமும் அன்று.

அந்தக் கம்பளியை வைத்தே ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் குழந்தைப் போர்வைக்கு நூல் தேடும்போது, அது எவ்வளவு சூடு தரும் என்பதைவிட எவ்வளவு விரைவில் காயும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் விடாமல் பெய்யும் நாட்களில், பால் கக்கி, மூத்திரம் நனைத்து, தினமும் அலசவேண்டிய போர்வையை வெளியே காயவைக்க வழியே இராது. பருத்தி நூல் தோலுக்கு இதமானது என்றாலும் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கைக்குத் தெரியாமலே உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும். சுடுநீரில் கசக்கினால் சுருங்கித் தடித்தும் போகும். செயற்கை இழையான அக்ரிலிக் நூல் ஈரத்தை மிகக் குறைவாகவே இழுக்கும். துவாயில் சுருட்டிப் பிழிந்து வீட்டுக்குள் பரப்பினால், எங்கள் வீட்டில் இரவோடு இரவாகக் காய்ந்துவிடுகிறது. எனவே தினசரிப் பாவனைக்குக் குழந்தைகளுக்கென்று விற்கப்படும் மென்மையான, ‘4 பிளை’ எனப்படும் மெல்லிய அக்ரிலிக் நூலையே நான் சொல்வேன்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி காயவைப்பது தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயங்களில் வழக்கம். நான் பின்னிய இரண்டாவது போர்வையை அப்படி ஓரிரவு போட்டுவைத்தேன். காலையில் எடுத்தபோது ஒரு சாண் அகலத்துக்கு ஓரம் பளபளப்பாகி, காய்ந்த வாழைச்சருகைப் போல விறைத்திருந்தது. அக்ரிலிக் சூட்டில் இளகும். அப்படி இளகிய கண்ணியை எதனாலும் மீண்டும் மென்மையாக்க முடியாது. அந்த ஓரத்தை முழுவதும் பிரித்துப் புது நூலில் பின்னினேன். இஸ்திரிப் பெட்டியையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

சுமார் 80 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 250 கிராம் நூல் போதும். எல்லா உருண்டைகளையும் ஒரே நாளில், சுற்றுத்தாளில் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கண்டிக்கோ புறக்கோட்டைக்கோ மறுபடி போய் வாங்கும் ஓர் உருண்டையின் வெள்ளை, முந்தைய வெள்ளையோடு பொருந்தாமல் போகலாம். முனையில் கொக்கியுள்ள குரோசே ஊசி 4 மில்லிமீட்டர். சுற்றுத்தாளில் 3 அல்லது 3.5 என்றிருந்தாலும் 4 எடுத்தால்தான் பின்னல் தளர்ந்து துணிபோல விழும்.

தொடங்குமுன் கண்ணிகளின் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நாம் பழகிய பிரித்தானிய முறையில் ட்ரெபிள் எனப்படுவது, அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணி, அமெரிக்கருக்கு டபிள் குரோசே. நம்முடைய டபிள் குரோசே அவர்களுக்கு சிங்கிள் குரோசே. காணொளி பார்த்துப் பின்னுபவர்கள் தடுமாறும் இடம் இதுவே. நான் இங்கே பிரித்தானியப் பெயர்களையே சொல்கிறேன்.

நான் பின்னுவது ‘வி’ பின்னல். சங்கிலியின் எண்ணிக்கை மூன்றின் மடங்கோடு நான்கு கூட்டியதாக இருக்க வேண்டும். 50 ‘வி’ வருவதற்கு 154 சங்கிலி. இந்தச் சங்கிலியை மட்டும் 4.5 ஊசியில் போடுங்கள், இல்லாவிட்டால் போர்வையின் அடிப்பக்கம் சுருங்கி நிற்கும். ஊசியிலிருந்து ஐந்தாவது சங்கிலியில் ஒரு ட்ரெபிள், ஒரு சங்கிலி, மறுபடி அதே இடத்தில் ஒரு ட்ரெபிள். இதுதான் ஒரு ‘வி’. பிறகு இரண்டு சங்கிலியை விட்டு மூன்றாவதில் அடுத்த ‘வி’ என்று போய், கடைசியில் இரண்டு சங்கிலி மிஞ்சும்போது ஒன்றை விட்டு மற்றதில் ஒரு ட்ரெபிள் போடுங்கள். அடுத்த வரிசைக்கு மூன்று சங்கிலி போட்டுத் திருப்பி, கீழுள்ள ஒவ்வொரு ‘வி’யின் நடு இடைவெளியிலும் ஒரு ‘வி’ போட்டு, முடிவில் கீழ்வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் திருப்புச் சங்கிலியின் உச்சியில் ஒரு ட்ரெபிள் போட வேண்டும். ஏறத்தாழ 70 வரிசையில் சதுரம் வந்துவிடும்.

அந்தக் கடைசி ட்ரெபிளைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். திருப்புச் சங்கிலி ஓரத்தில் சாய்ந்து கிடப்பதால் அது ஒரு கண்ணியாகவே கண்ணுக்குப் படாது. அதை விட்டுவிட்டால் ஓரம் உள்ளே இழுபட்டுக் கோணலாகும், சில வரிசைகளில் ‘வி’யும் குறையத் தொடங்கும். ஐந்து வரிசைக்கு ஒருமுறை 50 ‘வி’ இருக்கிறதா என்று விரலால் தொட்டு எண்ணிவிடுங்கள்.

ஐந்து, ஏழு சங்கிலி வளைவுகளாலான வலைப்பின்னல் பார்க்க அழகாக இருந்தாலும் கைக்குழந்தைக்கு வேண்டாம். விரல் அதில் புகுந்து சிக்கும். குஞ்சம் தொங்கவிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். நூல் முனைகளை விரலளவு நீளத்துக்கு ஒரு திசையில் கோத்து, பிறகு எதிர்த் திசையிலும் திருப்பிக் கோத்து வெட்டுங்கள். தளர்ந்த நூலொன்று குழந்தையின் கால் விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். இன்னொன்றையும் தங்கையிடம் சொல்லுங்கள்: ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தூக்கிக்கொண்டு கிளினிக் போகும்போதும், பனி இறங்கும் மாலையில் மடியில் வைத்திருக்கும்போதும், கண் பார்வையில் இருக்கும் நேரத்துக்கே இந்தப் போர்வை.

ஈரப் பூப்பின்னலை ஒரு கொடியில் ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் தன் கனத்தாலேயே நீண்டுவிடும். இரண்டு கொடிகளின் மேல் பரப்பிவிடச் சொல்லுங்கள்.

நூல் வாங்கியதும் முதலில் 31 சங்கிலி போட்டு, ஒன்பது ‘வி’ கொண்ட சிறு மாதிரி ஒன்றைப் பின்னி அளந்து பாருங்கள். அகலம் 14 அல்லது 15 சென்டிமீட்டர் வந்தால் நான் சொன்ன எண்ணிக்கை உங்கள் கைக்குச் சரி. பிறகு அதைக் கழுவி, அடுப்புக்கு எட்டாத கொடியில் ஓரிரவு போட்டுவிடுங்கள். விடிந்ததும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் அந்த நூலிலேயே 154 சங்கிலியைத் தொடங்கலாம்.